மாலையில் தாழும் இமை, பேசப் பேசத் தேயும் குரல்

ஒரு கண்ணின் இமை சற்றுத் தொங்குகிறது. குரலும் பழைய குரலாக இல்லை. இந்த இரண்டுக்காகவும் யாரும் அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. தூக்கம் போதவில்லை என்று இமைக்கு ஒரு சமாதானம். ஐஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று குரலுக்கு ஒரு சமாதானம். நாள் கடந்தும் சரியாகாவிட்டால் இமையைக் கண் டாக்டரிடமும் குரலைத் தொண்டை டாக்டரிடமும் காட்டுவார்கள். முன்னவர் பார்வையைச் சோதித்துவிட்டு, கண்ணில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுப்பார். பின்னவர் குரல்வளைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, அங்கேயும் கோளாறு இல்லை என்பார். இரண்டு சீட்டுகளும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஆயினும் போனவர் நோயாளியாகவேதான் வீடு திரும்புகிறார்.

இவ்விரண்டும் ஒரே ஆளிடம், ஏறக்குறைய ஒரே காலத்தில் தலைகாட்டும்போது அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கக் கூடாது. இமைக்கும் குரல்வளைக்கும் இடையே ஒரு சாண் தூரம். ஒன்றைத் தூக்குகிற நரம்பு வேறு. மற்றதை இயக்குகிற நரம்பு வேறு. அப்படியிருக்க இரண்டும் சேர்ந்து ஏன் சோர வேண்டும்? அவை சந்திக்கும் இடம் எது? மூளையின் அடித்தண்டா? கழுத்தா? மார்பின் உட்புறமா? அல்லது நரம்பு முடிந்து தசை தொடங்கும் அந்த மிக நுண்ணிய இடைவெளியா? அனுபவமுள்ள வைத்தியர் முதலில் தேடுவது இந்தச் சந்திப்பைத்தான். தேடுவதற்கு அவருக்கு வேண்டியவை ஒரு நாற்காலி, ஒரு டார்ச் விளக்கு, கொஞ்சம் ஐஸ், பதினைந்து நிமிஷப் பொறுமை. இந்த நான்கில் கடைசியாகச் சொன்னதற்குத்தான் எங்கும் தட்டுப்பாடு!

பத்து மணிக்கு நோய் இல்லை

ஒரு பள்ளிக்கூட ஆசிரியையை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். வயது முப்பதுக்குள். காலைப் பிரார்த்தனையின்போது அவர் குரல் மணி போல் ஒலிக்கும். மூன்றாவது பீரியடில் அது மூக்கால் பேசுவது போல் ஆகிவிடுகிறது. பிற்பகலில் வல்லினம் சொன்னால் மெல்லினமாக விழுகிறது; 'ப'கரம் 'ம'கரமாகிறது. பையன்கள் சிரிக்கிறார்கள். கரும்பலகையில் எழுதிய ஒரு வரி இரண்டு வரிகளாகத் தெரிகிறது. இரவுச் சாப்பாட்டில் பாதி மென்றதும் தாடை ஓய்ந்து போய், முகவாயைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மோர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறது. 'எந்நேரமும் தூங்கி வழிகிற முகம்' என்று வீட்டில் கேலி வேறு.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காலை பத்து மணிக்கு டாக்டரிடம் போகிறார். இரவு முழுவதும் தூங்கி எழுந்த உடம்பு. இமை நேராக இருக்கிறது. குரல் கணீரென்று வருகிறது. சத்து டானிக் ஒன்றும், மனக்கவலை தீர ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார் டாக்டர்.

டாக்டர் கண்டது பொய்யில்லை. கண்ட வேளைதான் பொருந்தவில்லை. இதே ஆசிரியையை மாலை ஐந்து மணிக்குப் பார்த்திருந்தால், அல்லது எதிரில் உட்கார வைத்து ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லியிருந்தால் கதை வேறு விதமாகப் போயிருக்கும். வந்து வந்து போகிற நோயை நடிப்பென்று நினைப்பது மனித சுபாவம். இந்த நோய் கண்ட இளம் பெண்கள் பலர், 'ஹிஸ்டீரியா' என்ற முத்திரையை ஆண்டுக்கணக்கில் சுமந்தார்கள். கணவர் நம்பவில்லை, மாமியார் நம்பவில்லை, டாக்டரும் நம்பவில்லை என்றால் ஒருத்தி யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஆகவே வைத்தியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'என்ன செய்கிறது?' என்பதல்ல, 'எந்த நேரத்தில் செய்கிறது?' என்பதே. காலையில் நன்றாக இருந்து மாலையில் மோசமாகிறதா, ஓய்ந்து படுத்தால் தேவலையாகிறதா, அல்லது எந்நேரமும் ஒரே மாதிரி இருந்து நாளுக்கு நாள் முற்றுகிறதா, அல்லது நேற்றிரவு திடீரென்று வந்ததா? இந்த ஒரு விடையே பாதி வழியைக் காட்டிவிடும். இக்காலத்தில் இதற்கு ஓர் எளிய உதவியும் இருக்கிறது. காலை எழுந்ததும் ஒரு தடவை, இரவு படுக்குமுன் ஒரு தடவை, செல்போனில் முகத்தைப் படம் பிடித்து, ஒன்று முதல் ஐம்பது வரை எண்ணுகிற குரலையும் பதிந்துகொண்டு போனால், பத்து மணி டாக்டருக்கும் ஐந்து மணி முகம் தெரிந்துவிடும். பழைய கல்யாண ஆல்பத்தையும் டாக்டர்கள் கேட்பதுண்டு. பத்து வருஷத்துக்கு முந்தைய படத்திலும் அதே இமை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தால் அது பழைய சங்கதி, அவசரமில்லை.

எப்படிக் கெட்டது குரல்?

குரல் கெட்டது என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அது பல வகையில் கெடலாம். கரகரவென்று காற்றுக் கலந்து, கத்த முடியாமல், இருமினால்கூட அழுத்தமில்லாமல் வருமானால் குரல் நாண்களில் ஒன்று அசையவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். நாக்குத் தடித்தது போல் வார்த்தைகள் குழறினால் கோளாறு நாக்கிலோ, அதை இயக்கும் நரம்பிலோ, மூளையிலோ இருக்கும். மூக்கால் பேசுவது போலிருந்தால் உள்நாக்கு இருக்கும் மேலண்ணம் மேலே எழும்பி மூக்கு வழியை அடைக்கவில்லை என்று பொருள். தொடங்கும்போது நன்றாக இருந்து, பேசப் பேசத் தேய்ந்து, சற்றே மௌனமாக இருந்தால் திரும்பி வருகிற குரல் இருக்கிறதே, அது தசைக் களைப்பின் குரல். காது தேர்ந்த டாக்டர் நோயாளி கதை சொல்லும்போதே இதைப் பிடித்துவிடுவார். குறுக்கே பேசிக்கொண்டிருப்பவருக்கு அகப்படாது.

பாவையின் சாட்சியம்

அடுத்தது கண். இமையைத் தூக்க இரண்டு தசைகள் இருக்கின்றன. பெரிய தசைக்கு மூளையிலிருந்து நேராக வரும் மூன்றாவது நரம்பு உத்தரவிடுகிறது. அதனடியில் ஒட்டினாற்போல் ஒரு சிறு தசை. அதற்கு வேறொரு நரம்பு, பரிவு நரம்பு என்பார்கள். பெரியது செயலிழந்தால் இமை கண்ணையே மூடிவிடும். சிறியது செயலிழந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் தாழும். உற்றுப் பார்க்காதவர்களுக்குத் தெரியாது.

எது கெட்டது என்பதைக் கருவிழியின் நடுவிலுள்ள பாவை சொல்லிவிடும். இமை முழுதும் விழுந்து, கண் வெளிப்புறமாகத் திரும்பி, பாவை அகலமாக விரிந்திருந்தால் மூன்றாவது நரம்பு நசுங்குகிறது. மூளை ரத்தக் குழாயில் ஒரு வீக்கம் அதை அழுத்தக் கூடும்; தலைவலியும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. இமை லேசாகத் தாழ்ந்து, பாவை சிறுத்து, முகத்தில் அந்தப் பக்கம் வியர்வையும் வற்றியிருந்தால் பரிவு நரம்பு அறுபட்டிருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் கண் வைத்தியர் ஹார்னர் 1869-ல் இதை விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. இமை தொங்குகிறது, ஆனால் பாவைகள் இரண்டும் சமமாக, வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்குகின்றன என்றால் சந்தேகம் தசையின் பக்கம் திரும்பும்.

ஹார்னரின் அடையாளமும் கரகரத்த குரலும் ஒருங்கே வந்தால் மார்பையும் கழுத்தையும் படமெடுக்காமல் விடக் கூடாது. காரணம் இந்த இரு நரம்புகளும் போகிற விசித்திரமான வழிதான். கண்ணுக்குப் போக வேண்டிய பரிவு நரம்பு மூளையிலிருந்து முதுகுத் தண்டு வழியே மார்பின் உச்சி வரை கீழே இறங்கி, நுரையீரல் முனையைத் தொட்டுக்கொண்டு, கழுத்து ரத்தக் குழாயின் துணையோடு மறுபடி மேலே ஏறுகிறது. இடது குரல் நாணுக்கான நரம்போ, தொண்டையைத் தாண்டி மார்புக்குள் போய், இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. எதிர்வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றி வருவது போல! ஒட்டைச்சிவிங்கிக்கும் இதே ஏற்பாடுதான். அதன் நீண்ட கழுத்தில் இந்த நரம்பு வீணாகப் பல அடி இறங்கி ஏறுகிறது. இப்படிச் சுற்றி வருவதால், நுரையீரல் உச்சியிலோ, தைராய்டிலோ, மார்பின் நெறிக்கட்டிகளிலோ வளரும் ஒரு கழலை, கண்ணையும் குரலையும் ஒரே சமயத்தில் தொட்டுவிடலாம். அமெரிக்க எக்ஸ்ரே நிபுணர் பான்கோஸ்ட் 1924-லும் 1932-லும் நுரையீரல் உச்சிக் கழலைகளைப் பற்றி எழுதினார். தோள் வலியும் சுண்டுவிரல் பக்கத்து மரமரப்பும் இந்தக் கழலையின் துணைவர்கள். பீடி, சிகரெட் பழக்கமுள்ளவர் ஒருவருக்குக் குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்து, இமையும் தாழ்ந்தால், தோள் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு காலம் கடத்துவது ஆபத்து.

திடீரென்று வருவது வேறு ரகம். தலை கிறுகிறுத்து, வாந்தி எடுத்து, விழுங்க முடியாமல், குரல் கம்மி, ஒரு பக்க இமை தாழ்ந்து, அதே பக்கத்து முகத்திலும் எதிர்ப் பக்கத்து உடம்பிலும் சூடு குளிர் தெரியாமல் போனால், மூளையின் அடித்தண்டுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டிருக்கிறது. கை கால் நன்றாக அசைகிறதே, இது பக்கவாதமாக இருக்காது என்று வீட்டார் ஏமாந்து போவார்கள். இதுவும் பக்கவாதமே. நேரத்தை மணியில் எண்ணக் கூடாது, நிமிஷத்தில் எண்ண வேண்டும்.

களைக்க வைத்துப் பார்ப்பது

இனி நம் ஆசிரியையின் நோய்க்கு வருவோம். பாவை சரியாக இருக்கிறது. இமையும் குரலும் மாலையில் சோர்கின்றன. டாக்டர் செய்ய வேண்டியது, மாலைப் பொழுதைத் தம் அறைக்குள்ளேயே வரவழைப்பதுதான்.

விரலை உயரத்தில் பிடித்து, தலையை அசைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறார். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். இமை அங்குலம் அங்குலமாக என்று சொல்வதற்கில்லை, மயிரிழை மயிரிழையாக இறங்குகிறது. கண்ணை மூடிச் சற்று ஓய்வு கொடுத்தால் மறுபடி ஏறிவிடுகிறது. அதிகம் தாழ்ந்த இமையை டாக்டர் விரலால் தூக்கிப் பிடித்தால் மற்ற இமை விழுகிறது. கீழே பார்க்கச் சொல்லிவிட்டுச் சட்டென்று நேரே பார்க்கச் சொன்னால், இமை ஒரு கணம் துள்ளி எழுந்து உடனே தாழ்கிறது. கோகன் என்ற அமெரிக்கக் கண் வைத்தியர் 1965-ல் இதைக் குறித்து வைத்தார். நூறு வரை உரக்க எண்ணச் சொன்னால் நாற்பதிலும் ஐம்பதிலும் குரல் மூக்குக்குள் புகுகிறது. கைகளை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் தோள் தளர்கிறது. படுத்தபடி தலையை மட்டும் தூக்கச் சொன்னால் கழுத்து ஒத்துழைக்க மறுக்கிறது.

பிறகு ஐஸ். ரப்பர் கையுறைக்குள் ஐஸ் துண்டுகளைப் போட்டு, மூடிய இமைமேல் இரண்டு நிமிஷம் வைத்து எடுக்கிறார்கள். இந்த நோயாக இருந்தால் தொங்கிய இமை இரண்டு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்து நிற்கும்! செலவு ஒன்றுமில்லை, ஊசி இல்லை. வெப்பம் இந்த நோயை வளர்க்கும், குளிர்ச்சி தணிக்கும். சித்திரை வெயிலிலும் வெந்நீர்க் குளியலுக்குப் பிறகும் தொந்தரவு அதிகம் என்று நோயாளிகள் சொல்வது இதனால்தான். ஐஸ் சோதனை ஒன்றை வைத்தே தீர்ப்பு எழுதிவிட முடியாதென்றாலும், மேற்கொண்டு போக அது போதும்.

நோயின் பெயர் மையஸ்தீனியா கிராவிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பொருள் எளியது: கடுமையான தசைத் தளர்ச்சி. 1895-ல் பெர்லின் டாக்டர் யோலி என்பவர் வைத்த பெயர். ஆனால் நோய் அதற்கும் வெகு காலத்துக்கு முந்தியது. 1672-ல் இங்கிலாந்து வைத்தியர் தாமஸ் வில்லிஸ் தம் லத்தீன் நூலில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். நெடுநேரம் பேசினாலோ, வேகமாகப் பேசினாலோ அவள் ஊமையாகிவிடுவாள். ஒரு மணி, இரண்டு மணி கழிந்த பிறகே பேச்சுத் திரும்பும். அவளை நாணயமான, விவேகமுள்ள பெண் என்று வில்லிஸ் குறிப்பிடுவது கவனிக்கத் தக்கது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அவர் நோயாளியின் சொல்லை நம்பினார்; அதனால்தான் நோய் அவருக்குப் புலப்பட்டது.

கிரீனிச்சில் நடந்த அற்புதம்

பெயர் வைத்தார்களே தவிர மருந்து கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் அப்படியே கழிந்தன. பிறகு 1934-ல், லண்டனின் கிரீனிச்சில், ஏழைகளுக்கென்று ஏற்பட்ட செயின்ட் ஆல்ஃபெஜ் ஆஸ்பத்திரியில் அந்த அதிசயம் நிகழ்ந்தது. புகழ்பெற்ற ஆராய்ச்சிக் கூடம் எதிலும் அல்ல. செய்தவரும் பெரிய பேராசிரியர் அல்லர். மேரி வாக்கர் என்ற உதவி டாக்டர், ஸ்காட்லாந்துக்காரப் பெண்மணி.

அவருடைய வார்டில் இந்த நோயுடன் 56 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அங்கு வந்து போன நரம்பு நிபுணர் டென்னி-பிரவுன், இந்தத் தளர்ச்சி தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு முனையில் தடவும் குராரே விஷத்தின் விளைவை ஒத்திருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். மேரி வாக்கர் யோசித்தார். குராரே விஷத்துக்கு மாற்று ஒன்று உண்டல்லவா? மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையிலிருந்து எடுக்கும் ஃபைஸோஸ்டிக்மின்! அந்த அவரையே ஒரு விஷம். குற்றவாளியா நிரபராதியா என்று தீர்மானிக்க அதைத் தின்னச் செய்வது அந்நாட்டு வழக்கமாக இருந்தது. விஷத்துக்கு மாற்று இன்னொரு விஷம். அதையே ஊசியில் ஏற்றினார்.

ஒரு மணி நேரத்துக்குள் இமை மேலே எழுந்தது. கை வலுத்தது. தொங்கிய தாடை தேறிற்று, விழுங்க முடிந்தது. சில மணி நேரம் சென்றதும் பழையபடி எல்லாம் சோர்ந்தது. மறுபடி ஊசி, மறுபடி எழுச்சி. 1934 ஜூன் மாத 'லான்ஸெட்' பத்திரிகையில் இதை ஒரு கடிதமாக எழுதினார். படித்தவர்கள் பலர் நம்பவில்லை. மறு ஆண்டு ப்ராஸ்டிக்மின் என்ற மேலான மருந்தைக் கொண்டு அவர் செய்து காட்டியபோது நம்பாமல் இருக்க முடியவில்லை. இன்றும் நோயாளிகள் நித்தம் விழுங்குகிற பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் நோயைக் கண்டுபிடிக்க நியோஸ்டிக்மின் ஊசி போட்டு, இமை எழுகிறதா என்று பார்ப்பதும் மேரி வாக்கர் காட்டிய வழிதான். ப்ராஸ்டிக்மின் என்பதே நியோஸ்டிக்மினின் கடைப் பெயர்.

குறைந்த கயிறு

உள்ளே என்ன நடக்கிறது? நரம்பு தசையைத் தொடுவதில்லை. நடுவே நுண்ணிய இடைவெளி. நரம்பு முனை ஓர் இரசாயனப் பொருளைப் பீச்சுகிறது; தசையின் மேல் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. வாங்கியதும் தசை சுருங்குகிறது. திரும்பத் திரும்ப வேலை செய்யும்போது நரம்பு பீச்சும் அளவு சற்றுக் குறைவது எல்லோருக்கும் உள்ளதே. கிணற்றில் இறைக்க இறைக்க நீர் மட்டம் இறங்குகிற மாதிரி. கயிறு நீளமாக இருப்பவருக்கு அது பொருட்டில்லை. கயிறு குறைந்தவருக்கோ, விடியற்காலையில் நிரம்பிய கிணற்றில் இரண்டு வாளி கிடைக்கும். பிறகு வாளி நீரைத் தொடாது. பொறுத்திருந்தால் ஊறும், மறுபடி இரண்டு வாளி. இந்த நோயில் ஏற்பிகள் பெருவாரியாக அழிந்து போவதுதான் கயிறு குறைவது. மாத்திரை என்ன செய்கிறதென்றால், வந்த நீர் சீக்கிரம் வடிந்துவிடாதபடி மடையை அடைக்கிறது. ஓயாமல் உழைக்கும் சிறு தசைகளாகிய இமையும் கண்ணும் தொண்டையும் முதலில் சோர்வது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

ஏற்பிகளை அழிப்பது யார்? நம் உடம்பே. கிருமிகளை ஒழிக்க ஏற்பட்ட எதிர்ப்பொருள்கள் வழி தவறி வீட்டுக்காரனையே அடிக்கின்றன. இந்த உண்மையை நிலைநாட்டிய 1973-ம் ஆண்டின் கதையில் ஒரு விலாங்கும் ஒரு பாம்பும் வருகின்றன. அமெரிக்காவில் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் என்ற இருவர், மின்விலாங்கின் உடம்பிலிருந்து இந்த ஏற்பிகளைப் பிரித்தெடுத்து முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். முயல்களின் உடம்பில் எதிர்ப்பொருள்கள் உண்டாயின. முயல்கள் துவண்டு விழுந்தன. நோயாளிகளைப் போலவே மருந்தில் தேறவும் செய்தன. அதே ஆண்டில் ஃபேம்ப்ரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி ஆகிய மூவரும் நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் மிகவும் குறைந்திருப்பதை எண்ணிக் காட்டினார்கள். எண்ணுவதற்குக் கைகொடுத்தது தைவான் நாட்டுக் கட்டுவிரியனின் விஷம்! அந்த விஷத்தின் ஒரு பகுதி, ஏற்பிகளைப் பற்றினால் விடாது என்பதைச் சாங், லீ என்ற தைவான் விஞ்ஞானிகள் 1963-ல் கண்டிருந்தார்கள்.

நம் வயல்வெளிச் செய்தி

பாம்பின் பேச்சு வந்ததால், நம் நாட்டுக் கிராமங்களுக்கு மிகவும் வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. தரையில் படுத்துத் தூங்கிய ஒருவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்திருக்கிறார். சிறிது நேரத்தில் இமைகள் இரண்டும் தொங்குகின்றன. பேச்சு மூக்குக்குள் போகிறது. எச்சில் விழுங்க முடியவில்லை. பாம்பை யாரும் பார்க்கவில்லை; கடிவாயும் தெரியவில்லை. வேறு காரணம் உறுதியாகும் வரையில் இதைக் கட்டுவிரியன் கடியென்றே கொள்ள வேண்டும். இந்தப் பாம்பு இரவில் திரிவது. கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. நல்ல பாம்பு கடித்தாலும் இமை விழும். நம் பக்கத்துக் கண்ணாடி விரியனும் இமையைத் தாழ்த்துவதுண்டு.

கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் விஷமுறிவு சீரமும் மூச்சுக்கு உதவும் கருவியும் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டுவிரியன் விஷம் முற்றியவர் கண் திறக்க மாட்டார், விரல் அசைக்க மாட்டார்; டார்ச் அடித்தால் பாவைகூட அசையாமல் இருக்கலாம். போய்விட்டார் என்று கூடியிருப்பவர்கள் அழுகிற சத்தம் அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும்! மூச்சுக் கருவியில் சில நாள் வைத்திருந்தால் எழுந்து நடந்து வீடு போனவர்கள் பலர். சீரத்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில், மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரும் உண்டு.

ஊர்ஜிதமும் சிகிச்சையும்

ஆசிரியையின் நோயைச் சந்தேகித்த பிறகு ஊர்ஜிதம் செய்வது இப்போது கஷ்டமில்லை. ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கலாம். உடம்பு முழுதும் தளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேரிடம் அகப்படும். கண்ணோடு நின்றவர்களில் பாதிப் பேரிடமே அகப்படும். ஆகவே ரத்தச் சோதனையில் இல்லை என்று வந்ததும் நோயே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. 2001-ல் வேறொரு எதிர்ப்பொருளும் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வகையில் தொண்டையும் குரலும்தான் அதிகம் அவதிப்படும். நரம்பை மின்சாரத்தால் திரும்பத் திரும்பத் தட்டி, தசையின் துடிப்பு படிப்படியாகக் குறைவதையும் பதிவு செய்யலாம். மார்பை ஸ்கேன் எடுப்பது அவசியம். ஏனெனில் மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில், பத்துப் பேரில் ஒருவருக்கு அல்லது சற்று அதிகமானவர்களுக்குக் கழலை இருக்கும். அமெரிக்காவில் பிளாலக் என்ற சர்ஜன் 1936-ல் இப்படிப்பட்ட கழலையை எடுத்ததில் ஓர் இளம் பெண் தேறினாள். கழலை இல்லாவிட்டாலும் சுரப்பியை எடுப்பதால் பலருக்குப் பலன் உண்டு என்பது 2016-ல் வெளியான பெரிய பரிசோதனையில் ஐயமற நிரூபணமாயிற்று.

மாத்திரைகளும், எதிர்ப்பொருளை அடக்கும் மருந்துகளும் சேர்ந்து இன்று பெரும்பாலோரைப் பழைய வேலைக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. இந்தி நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1980-களில் இந்த நோய் கண்டது; அதற்குப் பின் பல பத்தாண்டுகள் அந்தக் கனத்த குரலில் அவர் வசனம் பேசியதை நாடே கேட்டிருக்கிறது.

பயம் ஒன்று உண்டு. அது மூச்சைப் பற்றியது. இமையையும் தொண்டையையும் தொட்ட தளர்ச்சி சில சமயம் மார்புத் தசைக்கு இறங்கும். ஆழமாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் எண்ணச் சொன்னால் நல்ல உடம்பு நாற்பது ஐம்பது வரை எண்ணும். இருபதைத் தொடாமலே மூச்சு முடிகிறது, படுத்தால் திணறுகிறது, இருமிச் சளியைத் துப்பப் பலமில்லை என்றால் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. விரலில் மாட்டும் கருவி ஆக்ஸிஜன் சரியாக இருக்கிறது என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். அது கடைசியில்தான் குறையும்.

இந்த அபாயத்தை வரவழைப்பவை பெரும்பாலும் காய்ச்சல், சளி, சத்திர சிகிச்சை, இவற்றோடு சில மருந்துகள். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள், சிப்ரோஃப்ளாக்சசின் இனத்து மாத்திரைகள், நரம்பு வழி ஏற்றும் மக்னீஷியம், இருதயப் படபடப்புக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனலால் வகை ஆகியவை இந்த நோயாளிகளைத் தள்ளாட வைக்கக் கூடியவை. இந்நோய்க்கே கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகூட முதல் ஒன்றிரண்டு வாரம் தளர்ச்சியைக் கூட்டலாம் என்பதால், தொண்டையும் மூச்சும் தொட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வைத்தே அதைத் தொடங்குகிறார்கள். காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதும், பல் பிடுங்கப் போன இடத்தில் நோயைச் சொல்லாமல் விடுவதும் இவர்களுக்கு ஆகாது. நோயின் பெயர், தினம் சாப்பிடும் மருந்து, ஆகாத மருந்துகள், பார்க்கும் டாக்டரின் போன் நம்பர் இவற்றை ஒரு காகிதத்தில் எழுதி, பணம் வைக்கும் பர்ஸிலேயே மடித்து வைத்துக்கொள்ளும்படி நரம்பு வைத்தியர்கள் சொல்கிறார்கள். பேச்சு வராத நேரத்தில் அந்தக் காகிதம்தான் பேசியாக வேண்டும்.